திகதி இல்லாத கடிதம்

நல்லரத்தினம் சேர் கோரைமுனைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் தேர்தல் கிட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பங்குனியிலும் அப்படித்தான் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். நடுவட்டையில் அவருடைய பாட்டனார் பெரிய போடியார், நிலச்சொந்தக்காரர்; இன்றைக்கும் வட்டை வயல்வெளியில் பாதி அந்தக் குடும்பத்தின் பேரில்தான் இருக்கிறது. வெள்ளைச் சேட்டில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டு, தோணித்துறையடியில் நின்ற கண்ணகையைக் கூப்பிட்டார்.

அவள் நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முனையில் பிடிபடும் நண்டை வாங்கி ஏறாவூர் வியாபாரி றமீசிடம் சேர்ப்பதுதான் அவள் தொழில். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் அவளே. சமுர்த்தி உதவிக் கடிதம், பிறப்புப் பதிவு, வலைக்கான விண்ணப்பம், எதுவென்றாலும் ஊரில் பேனை பிடிப்பது அவள் கைதான்.

"புள்ள, இந்த முறை பிரதேச சபைக்கு நம்மட கட்சிப் பட்டியல்ல உன்ட பேரப் போடப் போறன்."

"என்ன சேர், நானா?"

"பட்டியல்ல பாதிப்பேர் பொம்புளையளா இருக்க வேணுமெண்டு சட்டம். உன்ன எல்லாருக்கும் தெரியும். வட்டாரத்தில நான் நிக்கிறன். நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல. கையெழுத்து வச்சாப் போதும்."

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொன்னதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் "யோசிச்சுச் சொல்றன் சேர்" என்று மட்டும் சொன்னாள்.

கோரைமுனையில் வாக்காளர் இடாப்பில் நூற்று எழுபத்தொரு பேர். போன சபைத் தேர்தலில் வாக்களிக்கப் போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர்தான். சாவடி நடுவட்டைப் பள்ளிக்கூடத்தில். வாவியின் கையைச் சுற்றி ரோட்டால் போனால் ஆறு கிலோமீற்றர், பஸ் இல்லை. தோணியில் போனால் அரைமணித்தியாலம், அதற்குப் பிறகு வரம்பால் நடை. தூரம் மட்டும் காரணமில்லை. அந்த முப்பத்தெட்டுப் பேர் போய் வாக்களித்த பிறகும், நடுவட்டைக் கட்சி ஓரிரண்டு பெட்டியில் பின்தங்கியதும், "முனைக்காரர் காக்காமாருக்குப் போட்டுட்டாங்க" என்று ஒரு கதை கிளம்பியது. மீனை முஸ்லிம் வியாபாரிகளுக்கு விற்கிறவர்கள் வோட்டையும் அவர்களுக்குத்தான் விற்பார்கள் என்று சந்தியில் வைத்துப் பேசினார்கள். அடுத்த மாரியில் வெள்ளம் வந்து நிவாரணம் பிரித்தபோது முனையின் பெயர் கடைசியில் இருந்தது. அதோடு போன முப்பத்தெட்டுப் பேருக்கும் வெறுத்துப்போனது.

அவள் புருஷன் சுதாகரன் வலையை உதறிக்கொண்டே கேட்டான்: "உனக்கு விருப்பமா?"

"தெரியா. போனா என்ன எண்டு பாக்கலாம்."

"அவங்க உன்னப் போட்டோ பிடிக்கத்தான் கூப்பிடுறாங்க."

"பிடிக்கட்டும். நானும் அங்க என்ன நடக்குது எண்டு பாக்கிறன்."

இரண்டு நாள் கழித்து நடுவட்டைக்குப் போனாள். நல்லரத்தினம் சேரின் வீட்டு மண்டபத்தில் மேசை போட்டுப் பத்திரங்கள் நிரப்பினார்கள். அவள் தொழில் என்ற இடத்தில், அவளைக் கேட்காமலே, யாரோ 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை வாசித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். மூன்று தாளில் கையெழுத்து வைத்தாள். நாலாவதாக ஒரு சிறிய கடிதம் வந்தது. 'எனது தனிப்பட்ட காரணங்களினால் பிரதேச சபை உறுப்பினர் பதவியிலிருந்து விலகிக்கொள்கின்றேன்.' திகதி போடும் இடம் வெறுமையாக இருந்தது.

"இது என்ன சேர்? இன்னும் உறுப்பினராகவே இல்லயே."

"அது ஒரு முறைதான் புள்ள. பட்டியல்ல ஆசனம் கிடைச்சா ஆளுக்குக் கொஞ்சக் காலம் எண்டு பிரிச்சுக் குடுக்கிறது. எல்லாப் பொம்புளையளும் வச்சிருக்காங்க."

"ஆம்பிளையளும் வச்சாங்களா?"

அவர் சிரித்தார். "ஆம்பிளையள் வட்டாரத்தில நிக்கிறாங்க."

பேனை அவள் கையில் இருந்தது. ஆசனம் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கிடைக்காத பதவியிலிருந்து விலகுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணத்தில் வைத்துவிட்டாள். ஏன் வைத்தேன் என்று அவள் பின்னால் பலமுறை தன்னையே கேட்டிருக்கிறாள். மேசையைச் சுற்றி நின்ற ஆறு பேர் அவள் வைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றதும் ஒரு காரணம்.

*

வைகாசியில் தேர்தல். சுவரொட்டியில் நல்லரத்தினம் சேரின் முகம் பெரிதாகவும், அடியில் அடையாள அட்டையிலிருந்து எடுத்த கண்ணகையின் முகம் முத்திரை அளவுக்கும் இருந்தது. அந்த முத்திரைதான் முனையில் வேலை செய்தது. கண்ணகையை ஒரு சுவரில் பார்த்தது அந்த ஊருக்குப் புதுமை. பெண்கள் தோணித்துறையில் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கந்தப்போடி என்று ஒரு கிழவர் இருந்தார். பெயரில்தான் போடி, கால்வைக்கக் காணியில்லை. சண்டைக் காலத்துக்குப் பிறகு அவர் வாக்குச்சாவடிப் பக்கம் தலைவைத்ததில்லை. அவரே வந்து, "மகள், ஐடென்ரிக் காட் உடைஞ்சு கிடக்கு, அது போதுமா?" என்று கேட்டார்.

அன்று காலை பதினான்கு தோணி போயிற்று. வயலில் சேறு இருந்ததால் வரம்பு வழுக்கியது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசை வெளிவாசல்வரை நீண்டபோது சாவடி அதிகாரி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்துமூன்று பேர் வாக்களித்தார்கள். நல்லரத்தினம் சேர் அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

கட்சிக்கு வட்டாரங்களில் நாலு பேர் வந்திருந்தார்கள், நாலு பேரும் ஆண்கள். பட்டியலில் கிடைத்த ஒரேயொரு ஆசனம் சட்டப்படி ஒரு பெண்ணுக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது. யாருக்கு என்று நடுவட்டையில் இரண்டு நாள் கூட்டம் நடந்தது. நல்லரத்தினம் சேரின் தம்பியின் மருமகள் பிரஷாந்திக்குத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவள் பட்டதாரி. ஆனால் முனையின் வாக்கு இல்லாவிட்டால் சேர் தோற்றிருப்பார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. "முதல்ல கண்ணகை இருக்கட்டும். மறுகா பாத்துக்கலாம்" என்று முடிவு செய்தார்கள்.

*

சபை மண்டபத்தில் நீளமான மேசையின் கடைசி நாற்காலி அவளுக்கு. பக்கத்தில் முப்லிஹா. றஹ்மத்புரத்து இளம்பெண், வேறொரு கட்சியின் பட்டியலில், அதே சட்டத்தினால் வந்தவள். முதல் இரண்டு கூட்டத்தில் இருவரும் வணக்கம், ஸலாம் என்பதற்கு மேல் பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி பற்றிய பேச்சு வந்தது.

கோரைமுனையில் கிணற்று நீர் உப்பு. சபையின் பவுசர் கிழமையில் இரண்டு நாள் வரும். றஹ்மத்புரத்தைத் தாண்டித்தான் முனைக்கு வர வேண்டும். முனைக்கு வரும்போது அடித்தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். தேநீர் இடைவேளையில் கண்ணகை தயங்கித் தயங்கி, "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. எங்கட ஆக்கள் நீங்கதான் தண்ணிய முடிச்சுப் போட்டு அனுப்புறீங்க எண்டு சொல்றாங்க" என்றாள்.

முப்லிஹா கோப்பையைக் கீழே வைத்தாள். "அல்லாஹ்வே. எங்கட பின்பக்கத்து வீடுகள்ல, தமிழாக்கள் முழுப் பவுசரையும் முனைக்குக் கொண்டு போறாங்க எண்டுல்லா சொல்றாங்க. எங்களுக்கு ஆளுக்கு நாலு வாளிதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் இருவருமாகப் பவுசர் சாரதியைத் தனியாகப் பிடித்துக் கேட்டார்கள். அவர் பாவம், முதலில் மறைத்தார். பிறகு சொன்னார்: "நடுவட்டையில கலியாண வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி எண்டு யாராவது சொல்லிவிட்டா முதல்ல அங்க பாதிய இறக்கச் சொல்லி வரும். இல்லயெண்டு சொல்ல என்னால ஏலாது."

அன்றிலிருந்துதான் அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் என்பதைத் தாண்டினார்கள். பிரதான வீதியில் குழாய்நீர் ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கிருந்து கிளைவீதியால் றஹ்மத்புரத்தின் பின்புறத்தை ஊடுருவி முனைவரை இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. சபை தன் பங்கை ஒதுக்கினால் குழாய் வரும். இருவரும் சேர்ந்து ஒரே பிரேரணையாக எழுதினார்கள். கண்ணகை கையால் எழுதினாள். முப்லிஹா அதைத் தட்டச்சு செய்து, நீர்வழங்கல் அலுவலகத்தில் வரைபடம் வாங்கி ஒட்டினாள்.

நல்லரத்தினம் சேர் அதைப் படித்துவிட்டு அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. வழக்கம்போல நிதானமாகவே பேசினார்.

"இத நீ என்னட்டக் கேட்டிருக்கலாமே புள்ள."

"கேட்டாத் தந்திருப்பீங்களா சேர்?"

"இந்த வருசம் வட்டைக்குப் போற ரோட்டுக்குக் கிறவல் போட வேணும். அறுவடைக்கு மெசின் இறங்க ஏலாம இருக்கு. அதோட, குழாய் அவங்கட ஊருக்குள்ளால போகுது. தமிழ்க் கட்சிக்குப் போட்ட வோட்டுல முஸ்லிம் ஊருக்குத் தண்ணி குடுத்தான் எண்டு என்னக் கேப்பாங்க. என்ன மறுமொழி சொல்ற?"

"எங்களுக்கும் தண்ணி எண்டு சொல்லுங்க."

"உங்கட ஊரில நூத்தி எழுபது வோட்டு. வட்டைப் பக்கம் ஆயிரத்தி நானூறு."

அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. அவள் எழும்பும்போது சொன்னாள்: "அந்த நூத்தி எழுபதிலதான் சேர் நீங்க வந்தீங்க."

*

பிரேரணையை மார்கழியில் வரவு செலவு பார்க்கும் பாதீட்டுக் கூட்டத்தில் எடுப்பது என்று, வேறு கட்சிக்காரரான சபைத் தவிசாளர் ஒத்திவைத்தார். கார்த்திகையில் மழை பிடித்த ஒரு நாள், தேர்தல் அலுவலகத்திலிருந்து, உங்கள் விலகல் கடிதம் வந்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்று அழைப்பு வந்தது. அடுத்த நாள் நனைந்துகொண்டே மட்டக்களப்பு டவுனுக்குப் போனாள். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே கடிதம். வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது நீல மையில் ஒரு திகதி இருந்தது.

"இது உங்கட கையெழுத்தா?"

"கையெழுத்து என்ட. திகதி என்ட இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "எப்ப வச்சீங்க?"

"பங்குனியில. தேர்தலுக்கு முந்தி."

"அப்ப நீங்க இப்ப விலகல்ல?"

வரும் வழியெல்லாம் அவள் இதைத்தான் யோசித்திருந்தாள். சுதாகரன் முதல் நாள், "கையெழுத்து வச்சது நீதானே. சொன்னா சொன்னதுதானே" என்று கேட்டிருந்தான். அவன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கொடுத்த வாக்கை மாற்றாத ஆள் அவன். அவளும் அப்படித்தான் வளர்ந்தவள். ஆனால் தான் வாக்குக் கொடுத்தது யாருக்கு என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தாள். சேருக்கு ஒரு தாளில் கொடுத்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பால் நடந்தவர்களுக்குத் தாளில்லாமல் கொடுத்தாள்.

"விலகல்ல" என்றாள்.

"எழுதித் தாங்க. இதை நான் ஏற்க மாட்டன். ஆனா ஒண்டு. கட்சி உங்கள நீக்கினா ஆசனம் போகும். அதில நான் செய்யிறதுக்கு ஒண்டுமில்ல. விளக்கம் கேட்டுக் கடிதம், விசாரணை எண்டு கொஞ்சக் காலம் எடுக்கும்."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு மூண்டு மாதம் ஆகும்."

"அது போதும் மிஸ்."

*

பாதீட்டுக் கூட்டம் ஒரு பகல் முழுக்க நடந்தது. பிரேரணை வந்தபோது கண்ணகை எழுந்து பேசினாள். நீளமாகப் பேசவில்லை. பவுசர் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறது, எங்கே காலியாகிறது என்று மட்டும் சொன்னாள். கலியாண வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. சாரதியின் வேலை போய்விடும். முப்லிஹா வரைபடத்தைக் காட்டினாள். பிறகு பேரம் தொடங்கிற்று. வட்டை ரோட்டுக்குப் பாதி, குழாய்க்குப் பாதி என்று தவிசாளர் ஒரு சமரசம் சொன்னார். குழாயை இந்த வருடம் றஹ்மத்புரத்தின் கடைசிச் சந்திவரை கொண்டு போவது. மிச்சம் அடுத்த வருடம். கையுயர்த்தச் சொன்னார்கள். தன் கட்சிக்காரர் நாலு பேரும் கையைக் கீழே வைத்திருக்க, கண்ணகை உயர்த்தினாள். இரண்டு வாக்கால் நிறைவேறியது.

ஊருக்கு அவள் வெற்றிச் செய்தி கொண்டுபோகவில்லை. குழாய் முனையின் முதல் வீட்டுக்கு எழுநூறு மீற்றர் முன்னால் நின்றுவிடும். அவள் துறையடியில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

கந்தப்போடிக்குக் கோபம் வந்தது. "கடைசியில அவங்கட ஊரோட நிக்குது. இதுக்கா நான் உடைஞ்ச காட்டோட போய் நிண்டன்?"

"அடுத்த வருசம் மிச்சம் வரும் அப்பு."

"ஆர் சொன்ன? அடுத்த வருசம் நீ இருப்பியா அங்க?"

இருக்க மாட்டேன் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். கடிதத்தைப் பற்றியும் சொன்னாள், தான் கையெழுத்து வைத்ததையும் சேர்த்து. அவளுக்கு முகம் எரிந்தது. ஒரு பெண், "எங்களிட்டச் சொல்லாம ஏன் வச்ச?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவளை நெடுநாள் அரித்தது; கட்சி நீக்கியது கூட அவ்வளவு அரிக்கவில்லை.

மாசியில் நீக்கினார்கள். பிரஷாந்தி உறுப்பினரானாள். நல்லரத்தினம் சேர் வழியில் கண்டால் இப்போதும் "எப்படிப் புள்ள" என்று கேட்பார். அவளும் "இருக்கிறன் சேர்" என்பாள். இரண்டு பேருக்குமே அதில் பகை இல்லாதது மாதிரித்தான் இருந்தது.

முப்லிஹா ஒரு நாள் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, வாற கூட்டத்தில மிச்சக் குழாய்க் கதை வருகுது. நீங்க வாங்களன்."

"நான் இப்ப உறுப்பினர் இல்லயே."

"பொதுமக்கள் வந்து பின்னால இருந்து பாக்கலாம் அக்கா. சட்டத்தில இருக்கு. ஒருத்தரும் வாறதில்ல, அவ்வளவுதான்."

கண்ணகை எட்டு மாதம் அந்த மண்டபத்தில் இருந்திருக்கிறாள். பின்சுவரோடு நீளமான ஒரு மர வாங்கு கிடந்ததும், அதில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். அது ஆட்கள் இருப்பதற்கான வாங்கு என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதை ஊரில் சொன்னாள். வரச்சொல்லி ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கூட்ட நாளன்று காலை துறைக்கு வந்தபோது சுதாகரன் தொழிலுக்குப் போகாமல் தோணியைக் கழுவி வைத்திருந்தான். பக்கத்தில் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள். சட்டை மடிப்புக் கலையாமல், முகத்தில் சிரிப்பில்லாமல், கந்தப்போடியும் நின்றார்.

"நீங்களுமா அப்பு?"

"தண்ணிய எங்க நிப்பாட்டுறாங்க எண்டு நேர பாக்க வேணும்."

சபை வாசலில் காவலாளி அவர்களைத் தடுத்து, உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டுவிட்டு வந்தான். பிறகு ஒரு பதிவேட்டை நீட்டினான். பெயர், ஊர், வந்த காரணம். எல்லோரும் கண்ணகையைப் பார்த்தார்கள். அவள் தன் வரியை மட்டும் எழுதிவிட்டுப் பேனையைக் கந்தப்போடியிடம் கொடுத்தாள்.

"காரணம் எண்ட இடத்தில என்னெண்டு எழுதுற?" என்று அவர் கேட்டார்.

"உங்களுக்கு என்ன காரணமோ அத எழுதுங்க அப்பு."

அவர் வெகுநேரம் எடுத்து, எழுத்துக் கூட்டி, 'கூட்டம் பார்க்க' என்று எழுதினார். அடுத்தவர்களும் அதையே பார்த்து எழுதினார்கள். பதினொரு வரி.

வாங்கிலிருந்த கோப்புகளை இறக்கி வைத்தார்கள். ஆறு பேர் இருக்க இடம் வந்தது. மிச்சம் ஐந்து பேர் சுவரோடு நின்றார்கள். முன்மேசையிலிருந்து நல்லரத்தினம் சேர் திரும்பிப் பார்த்தார், பிறகு தன் தாள்களைச் சரிசெய்தார். கடைசி நாற்காலியிலிருந்த பிரஷாந்தியும் திரும்பினாள். அவள் முகத்தில் பயமா வெட்கமா என்று கண்ணகைக்குச் சொல்லத் தெரியவில்லை. தானும் முதல் நாள் அந்த நாற்காலியில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஏழாவது விடயமாகக் குழாய் வந்தது. தவிசாளர் "இது அடுத்த கூட்டத்துக்கு" என்று தாளைப் புரட்டப் போனார். முப்லிஹா கையை உயர்த்துவதற்குள், யாரும் எதிர்பாராமல், பிரஷாந்தி மெல்லிய குரலில் கேட்டாள்: "தவிசாளர் சேர், மிச்ச வேலை எப்ப தொடங்குது எண்டு இப்பவே சொன்னா என்ன? ஆக்கள் வந்து நிக்கிறாங்க."

தவிசாளர் ஒரு கணம் சுவரோடு நின்றவர்களைப் பார்த்தார். பிறகு எழுத்தரை அழைத்து, நீர்வழங்கல் அலுவலகத்தின் கடிதத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசிப்பு நீண்டது. இடையில் பணியாளர் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து ஐந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, சத்தம் வராமல் ஒவ்வொன்றாகச் சுவரோரம் வைத்தார்.